ஆங்கில இலக்கணமும் சொற்களும்: தூக்கம் வராமல் சொல்லித் தருவது எப்படி?

ஆங்கில வகுப்பைக் கொஞ்சம் கலகலப்பாக்கலாம் என்று கிளம்புகிறவர்கள் முதலில் தேடுவது விளையாட்டுகளைத்தான். தேடினால் நூற்றுக்கணக்கில் கிடைக்கும், அதில் கஷ்டமில்லை. ஆனால் அதில் நிறைய விளையாட்டுகள், வேஷம் மாற்றிக்கொண்டு வந்த 'கோடிட்ட இடத்தை நிரப்புக'தான். இரண்டு அணி பிரிந்து கத்துவார்கள், போர்டில் மதிப்பெண் ஏறும், மணி அடித்துவிடும். அந்த முக்கால் மணி நேரத்தில் ஒரு முழு ஆங்கில வாக்கியத்தை வாய்விட்டுச் சொன்னவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால் ஒரு கை விரல்களே மிச்சமிருக்கும்.

அதனால் எந்தப் பயிற்சியைக் கையில் எடுத்தாலும் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்: நான் இன்று சொல்லித் தர நினைக்கிற விஷயத்தைத் தொடாமலே இதில் ஒருவர் ஜெயித்துவிட முடியுமா? முடியும் என்றால் அதை ஓரமாக வையுங்கள். ஹேங்மேன் எல்லோருக்கும் பிடிக்கும், ஆனால் சொல்லின் அர்த்தமே தெரியாமல் எழுத்தை மட்டும் ஊகித்து ஜெயிக்கலாம். 2021-இல் வந்து எல்லோரையும் பிடித்துக்கொண்ட 'வேர்டில்' என்ற இணைய விளையாட்டும் அப்படித்தான், 5 எழுத்து, 6 வாய்ப்பு, ஸ்பெல்லிங்குக்கு நல்லது, அவ்வளவுதான். கடைசி 5 நிமிடத்தை ஓட்ட இவை போதும். பாடத்துக்குப் போதாது.

இலக்கணம் தானாக வாயில் வருவது எப்போதென்றால், எதிரில் இருப்பவரிடம் நமக்குத் தெரியாத ஒன்று இருந்து, அதைக் கேட்டே ஆக வேண்டும் என்ற நிலை வரும்போது. கீழே சொல்லப்போகிறவை எல்லாம் அந்த நிலையைச் செயற்கையாக உண்டாக்குகிற வழிகள்.

போலீஸ் விசாரணை

பாஸ்ட் கன்டின்யூவஸ் சொல்லித் தர எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல வழி இல்லை. ஆங்கில ஆசிரியர்கள் நடுவே 'அலிபை' என்ற பெயரில் ரொம்ப நாளாகப் புழங்குகிறது. கதை இதுதான்: நேற்று இரவு 7 மணிக்கும் 9 மணிக்கும் இடையில் ஒரு லேப்டாப் திருடு போயிருக்கிறது, சந்தேகம் இரண்டு பேர் மேல், அவர்களோ அந்த நேரம் முழுக்க நாங்கள் வேறு இடத்தில் ஒன்றாக இருந்தோம் என்கிறார்கள். இரண்டு பேரையும் வெளியே அனுப்பி 5 நிமிடம் கொடுங்கள். எங்கே இருந்தோம், என்ன செய்துகொண்டிருந்தோம் என்று ஒரே கதையாகப் பேசி வைத்துக்கொள்ளட்டும், எதையும் எழுதிக்கொள்ளக் கூடாது. உள்ளே இருப்பவர்கள் அதற்குள் கேள்விகளைத் தயார் செய்வார்கள். அப்புறம் ஒவ்வொருவராக விசாரணை. இருவர் பதிலும் 3 இடத்தில் முரண்பட்டால் மாட்டிக்கொண்டார்கள்.

முதல் கேள்வி பெரும்பாலும் "வேர் வேர் யூ?" என்றுதான் வரும். அதற்கு இரண்டு பேரும் தயாராக இருப்பார்கள், பதில் அச்சு அசலாக ஒன்றாக வரும். இரண்டு மூன்று கேள்வி இப்படி வீணானதும் விசாரிப்பவர்களுக்குப் புரிந்துவிடும், அவர்கள் யோசித்து வைக்காத இடத்தில் கைவைக்க வேண்டும் என்று. அங்கிருந்துதான் சூடு பிடிக்கும். "வாட் வாஸ் யுவர் ஃபிரெண்ட் வேரிங்?", "வாட் வேர் யூ டாக்கிங் அபௌட்?", "ஹூ வாஸ் சிட்டிங் நியர் த டோர்?" பாருங்கள், ஒவ்வொன்றும் பாஸ்ட் கன்டின்யூவஸ். அந்த நேரத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதைத் தவிர அவர்களுக்குக் கேட்க வேறு எதுவும் இல்லை, அதனால் வருகிறது. கொஞ்சம் கெட்டிக்காரர் யாராவது "வென் யுவர் போன் ராங், வாட் வேர் யூ டூயிங்?" என்று போட்டு வாங்குவார். போன் அடித்தது ஒரு சம்பவம், செய்துகொண்டிருந்தது அதன் பின்னணி, இரண்டு டென்சும் ஒரே வாக்கியத்தில் பக்கத்தில் பக்கத்தில். விதியை விளக்குவதென்றால் இப்போதுதான் விளக்க வேண்டும், இரண்டு நிமிடம், அந்த வாக்கியத்தையே போர்டில் எழுதி. ஆட்டத்துக்கு முன்னால் அரை மணி நேரம் விளக்கினால் யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் சொன்ன மாதிரி ஆகிவிடும்.

தமிழ் பேசுகிறவர்கள் இங்கே வழுக்குகிற இடம் ஒன்று உண்டு, "வாட் யூ வேர் டூயிங்?" நாம் கேள்வி கேட்கும்போது சொற்களை இடம் மாற்றுவதில்லை, ஆங்கிலத்தில் "வேர்" என்ற துணைவினை "யூ"வுக்கு முன்னால் தாவ வேண்டும். இதற்காக ஆட்டத்தை நிறுத்தாதீர்கள். கேள்வி வாக்கியத்தின் வடிவத்தைப் போர்டின் மூலையில் எழுதி வைத்துவிட்டு, ஒவ்வொரு சுற்று முடிந்ததும் அதிலிருந்து ஒரு சொல்லை அழித்துக்கொண்டே வாருங்கள். கடைசிச் சுற்றில் மூலை காலி, கேள்வி மட்டும் சரியாக வரும்.

பெரிய வகுப்பில் இதை அப்படியே செய்தால் நான்கு பேர் பேசுவார்கள், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். 6 பேர் கொண்ட குழுக்களாகப் பிரியுங்கள், இரண்டு பேர் சந்தேக நபர்கள், நான்கு பேர் போலீஸ். போலீஸ் இரண்டு ஜோடியாகப் பிரிந்து ஒரே நேரத்தில் இரண்டு மூலையில் விசாரிக்கட்டும், பிறகு நான்கு பேரும் உட்கார்ந்து ஒப்பிடட்டும். அந்த ஒப்பீட்டில் "ஹி செட்... பட் ஷி செட்..." என்று ரிப்போர்ட்டட் ஸ்பீச் இலவசமாக வந்து சேரும். சத்தம் வரும், வரட்டும்.

எந்த இலக்கணத்துக்கு எது

பிரிபொசிஷனுக்குப் படம் வரைய வையுங்கள். ஒருவர் கையில் ஒரு அறையின் படம், முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும் இன்னொருவர் கையில் வெற்றுத்தாள். சொல்லச் சொல்ல வரைய வேண்டும், கை காட்டக் கூடாது. மேசைக்கு மேலே பூனையா, கீழே பூனையா என்பது "ஆன்", "அண்டர்" என்ற ஒரு சொல்லில் இருக்கிறது என்பதைக் கடைசியில் இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது யாரும் விளக்க வேண்டியதில்லை.

பிரசன்ட் பர்ஃபெக்டுக்கு ஆள் தேடும் ஆட்டம். கையில் ஒரு தாள், அதில் பத்து வரி: ரயிலைத் தவறவிட்டவர், மரத்திலிருந்து விழுந்தவர், மேடையில் பாடியவர், இப்படி. எழுந்து நடந்து "ஹேவ் யூ எவர் மிஸ்ட் எ டிரெயின்?" என்று கேட்டு ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும். பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள், அதனால் பாதிப் பயன் போய்விடுகிறது. ஆம் என்று பதில் வந்தால் கட்டாயம் இரண்டு துணைக்கேள்வி கேட்க வேண்டும் என்று விதி வையுங்கள், "வென் டிட் இட் ஹேப்பன்?", "வாட் டிட் யூ டூ?" அனுபவம் உண்டா என்று கேட்க ஒரு டென்ஸ், உண்டு என்று தெரிந்த பிறகு விவரம் கேட்க இன்னொரு டென்ஸ். ஆங்கிலத்தில் பேச்சு நிஜமாகவே இப்படித்தான் நகர்கிறது, அந்தத் தாவலைப் பழக்குவதுதான் பாடம்.

ஆர்ட்டிகிளுக்குக் கதைச் சங்கிலி. ஒருவர் ஒரு புதுப் பொருளையோ ஆளையோ கொண்டுவந்தால் "எ", அடுத்தவர் அதையே எடுத்துப் பேசினால் "த". "எ மேன் ஃபவுண்ட் எ பாக்ஸ்", "த பாக்ஸ் வாஸ் ஹெவி", இப்படியே போகும். எல்லா ஆர்ட்டிகிள் பிரச்சினையும் இதில் தீராது, ஆனால் மாணவர்கள் சறுக்குகிறதில் பெரும்பங்கு இந்த ஒரு இடத்தில்தான்.

இஃப் வாக்கியங்களுக்கும் சங்கிலிதான், ஒருவர் சொன்ன விளைவிலிருந்து அடுத்தவர் நிபந்தனையைத் தொடங்க வேண்டும். கம்பேரட்டிவுக்கு ஏதாவது இரண்டைக் கொடுத்து வாதாடச் சொன்னால் போதும்.

"ஹி கோஸ்", "ஷி வொர்க்ஸ்" என்று கடைசியில் ஒட்டுகிற அந்த "ஸ்" பற்றி மட்டும் ஒரு வார்த்தை. ஒரு ஆளின் அன்றாட வேலைகளைச் சொல்லி யார் என்று கண்டுபிடிக்க வைப்பது இதற்கு நல்ல பயிற்சி. ஆனால் எவ்வளவு பயிற்சி கொடுத்தாலும் பேசும்போது விட்டுவிடுவார்கள், அதற்காகக் கோபப்படாதீர்கள். ஆங்கிலத்தையே தாய்மொழியாகப் பேசும் மூன்று குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ரோஜர் பிரவுன் 1973-இல் எழுதியதில், "கோயிங்" போன்றவற்றின் கடைசி "இங்" முதலிலேயே வந்துவிடுகிறது, இந்த "ஸ்" ரொம்பப் பின்னால்தான் வருகிறது. பாடப்புத்தகங்களோ இதை முதல் மாதத்திலேயே வைத்துவிடுகின்றன. எழுதும்போது திருத்துங்கள், பேசும்போது விட்டுப்பிடியுங்கள்.

கேட்டு மறுபடி கட்டுவது

ஆட்டபாட்டமில்லாமல் அமைதியாக நடக்க வேண்டும், ஆனால் மூளை வேலை செய்ய வேண்டும் என்றால் டிக்டோகிளாஸ். ரூத் வாஜ்னரிப் என்ற ஆஸ்திரேலிய ஆசிரியர் 1990-இல் எழுதிப் பரவலாக்கியது. வழக்கமான டிக்டேஷனில் ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொல்வோம், மாணவர் காதிலிருந்து கைக்கு எழுத்து போகும், நடுவில் மூளைக்குள் நுழையாது. இதில் நான்கைந்து வாக்கியமுள்ள ஒரு சின்னப் பத்தியைச் சாதாரண வேகத்தில் இரண்டு தடவை மட்டும் வாசிக்க வேண்டும். முதல் தடவை பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பது, இரண்டாவது தடவை பிடிபடுகிற சொற்களை மட்டும் குறித்துக்கொள்வது. பிறகு மூன்று பேராகச் சேர்ந்து பத்தியை மறுபடி கட்ட வேண்டும். வரிக்கு வரி அதேபோல இருக்க வேண்டியதில்லை, அர்த்தம் மாறக் கூடாது, இலக்கணம் சரியாக இருக்க வேண்டும்.

பத்தியில் "ஷி ஹேட் லெஃப்ட் வென் ஐ காட் தேர்" என்று ஒரு வாக்கியம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாணவர்கள் குறிப்பில் "ஷி", "லெஃப்ட்", "காட் தேர்" இருக்கும், "ஹேட்" இருக்காது, அது காதில் விழாத அளவுக்குச் சின்னது. இப்போது குழுவுக்குள் பேச்சு வரும். ஹேட் இல்லாமல் எழுதினால் நான் போய்ச் சேர்ந்ததும் அவள் கிளம்பினாள் என்று ஆகிறது, அப்படியென்றால் இருவரும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், ஆனால் அடுத்த வாக்கியத்தில் பூட்டிய கதவு வருகிறதே? ஹேட் போட்டால்தான் கதை ஒட்டுகிறது. பாஸ்ட் பர்ஃபெக்ட் எதற்கு என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் எந்தப் பாடத்திலும் கிடைக்காது, அதுவும் அவர்களே அடித்துப் பிடித்துக் கண்டுபிடித்தது. பத்தியை நீங்களே எழுதுங்கள், சொல்லித் தர நினைக்கிற இலக்கணத்தை மூன்று இடத்தில் செருகுங்கள், தெரியாத சொல் ஒன்றுகூட வேண்டாம்.

குழந்தைகளுக்கு இதன் துள்ளல் வடிவம் ரன்னிங் டிக்டேஷன். பத்தியைச் சுவரில் ஒட்டிவிட்டு, ஒருவர் ஓடிப்போய்ப் படித்து மனதில் வாங்கி வந்து சொல்ல, இன்னொருவர் எழுத வேண்டும். பாதியில் ஆளை மாற்றுங்கள்.

சொற்கள்

எந்தச் சொற்களை என்பதுதான் முதல் கேள்வி, எப்படி என்பது அப்புறம். மைக்கேல் வெஸ்ட் 1953-இல் ஏறக்குறைய 2000 சொற்களை அடிக்கடி வருபவை என்று தொகுத்தார். அதைப் புதுப்பித்து 2013-இல் வந்த 'நியூ ஜெனரல் சர்வீஸ் லிஸ்ட்' என்ற பட்டியலில் சுமார் 2800 சொற்கள், பொதுவான ஆங்கில எழுத்தில் 90 சதவீதத்துக்கு மேல் இவற்றுக்குள் அடங்கிவிடும் என்று தொகுத்தவர்கள் கணக்குக் காட்டினார்கள். இந்தப் பட்டியல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. இதில் பாதி தெரியாத ஒருவருக்கு தினம் ஒரு பகட்டான சொல் என்று வாட்ஸ்அப்பில் அனுப்புவது வீண் வேலை.

அடுத்தது, ஒரே குடும்பத்துச் சொற்களை ஒரே நாளில் மொத்தமாகக் கொட்டாதீர்கள். பாடப்புத்தகங்கள் எல்லாமே இப்படித்தான் அடுக்கியிருக்கும், ஒரு பக்கம் நிறங்கள், ஒரு பக்கம் உடல் உறுப்புகள், ஒரு பக்கம் எதிர்ச்சொற்கள். பார்க்க ஒழுங்காக இருக்கும். ஆனால் ஆய்வாளர்கள் டிங்க்ஹம் 1993-இலும் வேரிங் 1997-இலும் சோதித்துப் பார்த்தபோது, அர்த்தத்தில் நெருக்கமான புதுச் சொற்களைச் சேர்த்துப் படித்தவர்களுக்கு அவை ஒன்றோடொன்று குழம்பிக் கற்க அதிக நேரம் பிடித்தது. "லெஃப்ட்", "ரைட்" இரண்டையும் ஒரே நாளில் படித்தவருக்கு எது எந்தப் பக்கம் என்ற சந்தேகம் ரொம்ப நாள் போகாது. ஒன்றை முதலில் நன்றாக ஊறவிட்டு, ஒன்றிரண்டு வாரம் கழித்து மற்றதைக் கொண்டுவாருங்கள். நிறங்கள்தான் வேண்டுமென்றால் ஒரு கதைக்குள் ஒன்றிரண்டாக வரட்டும்.

மறப்பதைப் பற்றிப் பேசாமல் சொற்களைப் பற்றிப் பேச முடியாது. படித்தது முதல் சில மணி நேரத்திலேயே வேகமாகக் கரைகிறது, பிறகு கரைவது மெதுவாகிறது என்பதை ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹவுஸ் தன்மேலேயே சோதனை செய்து 1885-இல் எழுதிவிட்டார். இதற்கு மருந்து திரும்பத் திரும்ப வாசிப்பது இல்லை, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எடுப்பது. ரோடிகர், கார்ப்பிக்கி என்ற உளவியலாளர்கள் 2006-இல் செய்த சோதனையில், மறுபடி மறுபடி வாசித்தவர்கள் 5 நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள், ஒரு வாரம் கழித்து வைத்த தேர்விலோ நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். ஆகவே வகுப்பின் முதல் மூன்று நிமிடம் நோட்டை மூடிவிட்டுப் போன தடவை படித்த சொற்களை எழுதச் சொல்லுங்கள். மதிப்பெண் போடாதீர்கள், போட்டால் பக்கத்து நோட்டைப் பார்ப்பார்கள்.

இதையே அட்டைகளாகச் செய்கிற முறை செபாஸ்டியன் லைட்னருடையது, 1970-களில் பிரபலமானது. மூன்று டப்பா. முதல் டப்பாவில் இருப்பதைத் தினமும், இரண்டாவதை மூன்று நாளுக்கு ஒருமுறை, மூன்றாவதை வாரம் ஒருமுறை. சரியாகச் சொன்னால் அட்டை அடுத்த டப்பாவுக்கு ஏறும், தப்பினால் எந்த உயரத்தில் இருந்தாலும் முதல் டப்பாவுக்கு இறங்கும். இன்றைய செயலிகள் பலவும் இதைத்தான் உள்ளே கணக்குப் போட்டுச் செய்கின்றன, எது கையில் இருக்கிறதோ அது போதும்.

அட்டையில் என்ன எழுதுகிறோம் என்பதுதான் முக்கியம். ஒரு பக்கம் சொல், மறு பக்கம் தமிழ் அர்த்தம் என்றால் படிக்கும்போது புரியும், பேசும்போது வராது. "மிஸ்டேக்" என்று எழுதாதீர்கள், "மேக் எ மிஸ்டேக்" என்று எழுதுங்கள், ஏனென்றால் தவறு என்ற அர்த்தம் யாருக்கும் மறப்பதில்லை, அதற்கு "மேக்" வருமா "டூ" வருமா என்பதில்தான் தடுமாற்றம். மழைக்கு "ஹெவி", காற்றுக்கு "ஸ்ட்ராங்", இவற்றுக்குக் காரணம் கேட்டால் யாரிடமும் பதில் கிடையாது, ஜோடியாகவே மனதில் ஏற்ற வேண்டியதுதான். அட்டையின் முன்பக்கம் அந்த ஜோடியில் ஒன்றை விட்டுவிட்டு ஒரு சின்ன வாக்கியம், பின்பக்கம் விட்டுப்போன சொல்.

விளையாட்டு என்று பார்த்தால், போர்டுக்கு முதுகைக் காட்டி ஒருவரை உட்கார வைத்து, பின்னால் எழுதியிருக்கும் சொல்லை அதன் பெயர் சொல்லாமல் மற்றவர்கள் விளக்குவது ஒன்றே எனக்குப் போதும். "இட்ஸ் எ திங் தட் யூ யூஸ் டு..." என்று ஆரம்பிக்காமல் யாராலும் விளக்க முடியாது, அதனால் ரிலேட்டிவ் கிளாஸும், அதாவது "தட்" போட்டு ஒரு பெயரை விளக்குகிற துணை வாக்கியமும், கூடவே ஓடுகிறது. சொல் தெரியாதபோது சுற்றி வளைத்துச் சொல்லிப் புரியவைக்கிற திறமையும் இதில் வளரும், பேச்சில் அகராதியைவிட அதுதான் கைகொடுக்கும்.

திருத்துவது

நடுவில் குறுக்கிட்டால் ஆட்டம் செத்துவிடும். ஒரு சீட்டில் குறித்துக்கொண்டே வாருங்கள், கடைசியில் ஆறு வாக்கியங்களைப் போர்டில் எழுதுங்கள், மூன்று தப்பானவை, மூன்று அவர்களில் யாரோ அழகாகச் சொன்னவை. பெயர் வேண்டாம். எது சரி, எது தப்பு என்று ஜோடியாகப் பேசி முடிவு செய்யட்டும்.

ஆட்டம் இல்லாத நேரத்தில், தப்பாகச் சொன்னதை ஆசிரியரே சரியாகத் திருப்பிச் சொல்லிவிட்டு நகர்வதுதான் வழக்கம். கனடா வகுப்பறைகளைக் கவனித்து லிஸ்டரும் ரந்தாவும் 1997-இல் எழுதியதும் இதைத்தான்: அதிகம் நடக்கிற திருத்தம் அது, ஆனால் மாணவர் அதைக் கவனித்துத் தானே சரிசெய்வது அதில்தான் குறைவு. ஆசிரியர் ஆமோதிக்கிறார் போலிருக்கிறது என்று தலையாட்டிவிடுவார்கள். அதற்குப் பதில் தப்பு வந்த சொல்லுக்கு முன்னால் வரை சொல்லி நிறுத்துங்கள், "யெஸ்டர்டே ஷி...?" என்று இழுத்தால் போதும், "கோ" என்றவர் "வென்ட்" என்று தானே மாற்றுவார். மாற்றவில்லை என்றால் அது அவருக்கு இன்னும் தெரியாத விஷயம், அப்போது சொல்லிக் கொடுங்கள்.

தனியாகப் படிக்கிறவர்களுக்கு

பேச ஆள் இல்லையே என்பவர்களுக்கு இரண்டு வழி. ஒன்று, போனில் பதிவு போட்டுவிட்டு ஒரு விஷயத்தைப் பற்றி 4 நிமிடம் பேசுங்கள், அதையே மறுபடி 3 நிமிடத்தில், பிறகு 2 நிமிடத்தில். விஷயம் மாறக் கூடாது. முதல் தடவை சொல் தேடுவதிலேயே நேரம் போய்விடும், மூன்றாவது தடவை தேட வேண்டியதில்லை, வாக்கியம் கோப்பதில் கவனம் போகும். மூன்று பதிவில் முதலையும் கடைசியையும் மட்டும் கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று பெஞ்சமின் ஃபிராங்க்ளின் இளவயதில் செய்தது. ஒரு பத்திரிகையில் பிடித்த கட்டுரைகளை எடுத்து, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் சின்னக் குறிப்பு மட்டும் எழுதி வைப்பார், சில நாள் கழித்து அந்தக் குறிப்பை வைத்துக் கட்டுரையைத் தன் சொற்களில் திரும்ப எழுதி மூலத்தோடு ஒப்பிடுவார். நாம் குறிப்பைத் தமிழில் எழுதிக்கொள்ளலாம். ஆறேழு வரிக்கு மேல் எடுக்காதீர்கள், 50 சொல்லுக்கு ஒன்றுக்கு மேல் தெரியாத சொல் வந்தால் அந்தப் பத்தி இப்போதைக்கு வேண்டாம். ஒப்பிடும்போது சிவப்புப் பேனாவால் எல்லாவற்றையும் அடிக்க வேண்டியதில்லை. மூலத்தில் ஆர்ட்டிகிள் எங்கே இருந்தது, நீங்கள் எங்கே விட்டீர்கள் என்று ஒரு நாள், டென்ஸ் மட்டும் ஒரு நாள், ஜோடிச் சொற்கள் மட்டும் ஒரு நாள். விட்டுப்போனது எதுவோ அது அன்றைய அட்டையாகி முதல் டப்பாவுக்குள் போகட்டும்.